ஸ்லாவியப் பெயர்ச்சொற்களின் அழுத்த வரலாற்றை மீட்டெடுக்கும் முறை

ரஷ்ய மொழியில் பசுவுக்கு கொ'ரொவ, அரசனுக்கு கொ'ரொல், நகரத்துக்கு 'கொரொத். மேற்குறி நிற்கும் இடத்துக்கு அடுத்த அசையில் அழுத்தம். பசுவிலும் அரசனிலும் இரண்டாம் அசை, நகரத்தில் முதல் அசை. இதை வைத்துக்கொண்டு முதல் இரண்டும் ஓரினம், மூன்றாவது வேறினம் என்று முடிவுகட்டுபவர் முதல் அடியிலேயே வழி தவறுகிறார். ஆறாம் வேற்றுமையையும் கேட்டுப் பாருங்கள்: கொ'ரொவி, கொரொ'ல்ய, 'கொரொத. பசுவில் அழுத்தம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அரசனில் விகுதிக்கு ஓடிவிட்டது. நகரத்தில் சொல்லின் தலையில் இருக்கிறது, பன்மையின் ஆறாம் வேற்றுமையில் கொரொ'தொவ் என்று கடைசிக்குப் போகிறது. மூன்றும் மூன்று வகை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து கிடக்கும் ஸ்லாவிய மொழிகளில் இந்த மூன்று வகைகளின் தடயமும் இன்றுவரை இருக்கிறது. ஒரு சொல் எந்த வகையைச் சேர்ந்தது, ஏன் அந்த வகைக்கு வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

எழுத்து முறை பற்றி முதலில் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தில் வல்லினத்தின் அதிரும் ஒலியும் அதிராத ஒலியும் ஒரே எழுத்துதான். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கொடுத்திருக்கிறது, அகராதியில் தேட அது போதும். ரஷ்யனில் உயிர் நீளத்துக்கு வேறுபாடு இல்லை என்பதால் எல்லாவற்றையும் குறிலாக எழுதியிருக்கிறது. செக், ஸ்லோவாக், செர்போ-குரோஷியன் சொற்களில் குறிலும் நெடிலும் உண்மையான ஒலி நீளத்தையே காட்டும், அங்கே எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே ஒலிப்பதிவைக் காதால் மட்டும் கேட்டு அழுத்தம் குறிக்கும் வேலையில் இறங்காமல், அச்சிட்ட அழுத்தக் குறியுள்ள அகராதிகளிலிருந்து தொடங்குவது நல்லது.

மூன்று வகைகள்

நார்வே அறிஞர் கிறிஸ்டியான் ஸ்டாங் 1957-இல் வகுத்துக் கொடுத்த பிரிவையே இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம்.

ஏ வகை: எல்லா வேற்றுமையிலும் அழுத்தம் வேரிலேயே. வேர் உயிரில் "அக்யூட்" என்ற பழைய தொனி இருந்தது. பசு இந்த வகை.

பி வகை: அழுத்தம் வேரை அடுத்த அசையில், பெரும்பாலும் விகுதியில். விகுதியில் மறைந்துபோகும் அரை உயிர் மட்டும் இருந்தால் அழுத்தம் வேருக்குத் திரும்பி, "நியோ-அக்யூட்" என்ற புதுத் தொனியைப் பெறும். அரசன் இந்த வகை.

சி வகை: அழுத்தம் நடமாடும். சில வேற்றுமைகளில் விகுதியில் இருக்கும், மற்றவற்றில் சொல்லின் முதல் அசையில் "சர்கம்ஃப்ளெக்ஸ்" தொனியோடு விழும். முதல் அசையில் விழும் இந்த வடிவங்கள் உண்மையில் அழுத்தமே இல்லாதவை என்று கொள்வதுதான் சரி. அதனால்தான் முன்னால் ஒரு முன்னிடைச்சொல் வந்தால் அழுத்தம் அதன்மேல் தாவிவிடுகிறது. தண்ணீர் வொ'த, இரண்டாம் வேற்றுமையில் 'வொது, "தண்ணீர்மேல்" என்றால் 'ந வொது.

சொல்லைத் தேர்வது

கிழக்கு (ரஷ்யன்), தெற்கு (செர்போ-குரோஷியன், ஸ்லோவீனியன், பல்கேரியன்), மேற்கு (செக், ஸ்லோவாக், போலிஷ்) ஆகிய மூன்று கிளைகளிலும் இருக்கும் சொல்லாக எடுங்கள். ஒரு கிளையில் மட்டும் இருக்கும் சொல்லுக்கு வகை சொல்லலாம், வரலாறு சொல்ல முடியாது. பின்னொட்டு சேர்ந்து உருவான சொற்களை முதல் சுற்றில் ஒதுக்குங்கள். அவற்றின் அழுத்தம் அடிச்சொல்லின் வகையையும் பின்னொட்டின் இயல்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியது, அது தனி வேலை.

அடுத்து, வேர் உயிரின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்யூட் தொனி பழைய நெடில்களிலும் ஈருயிர்களிலும்தான் வரும். ரஷ்யனில் ஒரொ, ஒலொ என்று இரண்டு உயிராக விரிந்த வேர்களும் (பசு கொ'ரொவ போல) இதில் சேரும். பழைய குறிலான ஒகர, எகர வேர்களில் அதற்கு இடமில்லை. ஆகவே குறில் வேர் என்றால் கேள்வி பி-யா, சி-யா என்பது மட்டுமே. இந்த ஒரு விதி பல தவறான முடிவுகளிலிருந்து காப்பாற்றும். விருப்பம், சுதந்திரம் என்று பொருள்படும் 'வொல்ய என்ற ரஷ்யச் சொல்லைப் பாருங்கள். எல்லா வேற்றுமையிலும் அழுத்தம் வேரில். பார்த்தவுடன் ஏ வகை என்று எழுதத் தோன்றும். ஆனால் வேரில் இருப்பது பழைய குறில் ஒகரம், அக்யூட் இருக்க முடியாது. செக்கில் வூலெ, ஸ்லோவாக்கில் வுவொல்ய என்று வேர் நீண்டிருப்பதும், குரோஷியக் கரையோரத்தின் சாகாவியன் கிளைமொழிகளில் இதே சொல்லில் நியோ-அக்யூட் கேட்பதும், இது விகுதியிலிருந்து அழுத்தம் பின்வாங்கிய பி வகை என்று காட்டுகின்றன.

எந்த வடிவங்களைச் சேகரிப்பது

அகர ஈற்றுப் பெண்பால் சொல்லுக்குக் குறைந்தது இவை வேண்டும்: ஒருமையில் முதல், இரண்டாம், ஆறாம் வேற்றுமைகள், பன்மையில் முதல், நான்காம், ஆறாம் வேற்றுமைகள், முன்னிடைச்சொல்லோடு வரும் ஒரு தொடர். இவற்றில் உயிர்நாடி இரண்டாம் வேற்றுமை ஒருமை. கை என்பது ரு'க, இரண்டாம் வேற்றுமையில் 'ருகு: சி வகை. புல் த்ர'வ, இரண்டாம் வேற்றுமையில் த்ர'வு: பி வகை. முதல் வேற்றுமையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

ஆண்பாலுக்கு முதல், ஆறாம் வேற்றுமை ஒருமையும் முதல், ஆறாம் வேற்றுமைப் பன்மையும். நபும்சகத்துக்கு ஒருமை, பன்மை இரண்டின் முதல் வேற்றுமை கட்டாயம்.

விரிதாளில் ஒரு வடிவத்துக்கு ஒரு வரி என்று போடுங்கள், ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று போடாதீர்கள். நிரல்கள்: சொல், மொழி, கிளைமொழி ஊர், வேற்றுமை, எண், அழுத்த அசை, தொனி, வேர் நீளம், காலம், எங்கிருந்து எடுத்தது. அழுத்தக் குறிகளை யூனிகோடில் தனிக் குறியாகவும் ஏற்றலாம், எழுத்தோடு சேர்ந்த குறியாகவும் ஏற்றலாம். இரண்டும் கலந்தால் தேடலும் வரிசைப்படுத்தலும் குழம்பும். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பிரித்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு மொழியும் எதைச் சொல்லும்

ரஷ்யன் அழுத்த இடத்தைச் சொல்லும், தொனியைச் சொல்லாது. விதிவிலக்கு, முன்பே பார்த்த ஒரொ, ஒலொ, எரெ வேர்கள்: சர்கம்ஃப்ளெக்ஸ் என்றால் முதல் உயிரில் அழுத்தம் ('கொரொத், நகரம், 'கொலொஸ், குரல்), அக்யூட்டும் நியோ-அக்யூட்டும் இரண்டாம் உயிரில் (கொ'ரொவ, பசு, கொ'ரொல், அரசன்). காகம் வொ'ரொன, அண்டங்காக்கை 'வொரொன்: ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்கள், முதலாவது ஏ வகை, இரண்டாவது சி வகை. பட்டாணி கொ'ரொக், அரசன் கொ'ரொல் என்று முதல் வேற்றுமையில் ஒன்றுபோல நின்றாலும், கொ'ரொக என்ற ஆறாம் வேற்றுமை பட்டாணியை ஏ வகையில் வைத்துவிடும்.

செர்போ-குரோஷியன் அழுத்த இடம், தொனி, நீளம் மூன்றையும் தருகிறது. ஆனால் இன்றைய பொதுமொழியில் அழுத்தம் ஒரு அசை இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. நகர்ந்த அழுத்தம் ஏறுதொனியாகக் கேட்கும், நகராதது இறங்குதொனி. படிக்கும் விதி எளிது: ஏறுதொனி கண்டால் அழுத்தத்தை ஒரு அசை வலப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். கை என்னும் ரூக நெடில் ஏறுதொனி, பழைய வடிவம் ரூ'க. அதன் இரண்டாம் வேற்றுமை ரூகு நெடில் இறங்குதொனி, அது பழைய இடம். புல் த்ராவ, இரண்டாம் வேற்றுமை த்ராவு, இரண்டும் ஏறுதொனி. ஆக கை சி, புல் பி. பசு க்ரவ குறில் இறங்குதொனி. பழைய அக்யூட் இந்த மொழியில் குறுகிப்போகும், அதுவே ஏ வகையின் அடையாளம்.

இங்கே அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று. அரசன் க்ரால், நகரம் க்ராத்: பொதுமொழியின் முதல் வேற்றுமையில் இரண்டுமே நெடில் இறங்குதொனி. நியோ-அக்யூட் அங்கே சர்கம்ஃப்ளெக்ஸோடு கலந்துவிட்டது. ஆறாம் வேற்றுமையில்தான் பிரியும்: க்ரால்ய ஏறுதொனி, க்ராத இறங்குதொனி. இந்தக் கலப்பு நடக்காத இடம் அட்ரியாட்டிக் கரையோரச் சாகாவியன் கிளைமொழிகளும் ஸ்லவோனியாவின் பொசாவினா பேச்சும். அங்கே மூன்று தொனிகளும் தனித்தனி. பொசாவினா பேச்சில் நியோ-அக்யூட் வாழ்வதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டெபான் இவ்ஷிச் விவரித்த பிறகுதான் இந்தத் துறைக்கே அடித்தளம் உறுதியானது. சாகாவியன் தரவு கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

ஸ்லோவீனியனில் சி வகையின் இறங்குதொனி ஒரு அசை வலப்பக்கம் போய்விட்டது. இறைச்சி மெ'ஸொ, கண் ஒ'கொ, பொன் ஸ்ல'தொ. ரஷ்யனில் இறைச்சி 'ம்யஸொ, பொன் 'ஸொலொதொ. ஸ்லோவீனியனில் கடையழுத்தம், ரஷ்யனில் தலையழுத்தம் என்று நபும்சகச் சொல் ஒன்று முரண்பட்டு நின்றால் அது சி வகைக்கு நல்ல சாட்சி. இதைத் தெரியாமல் ஸ்லோவீனியன் கடையழுத்தத்தைப் பழையது என்று எடுத்துப் பி வகை எழுதுவது பரவலான பிழை.

பல்கேரியனில் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் சுட்டிடைச்சொல்லைக் கவனியுங்கள். நகரம் க்ரத், சுட்டோடு க்ர'தத். பல் ஸப், சுட்டோடு ஸ'பத். அழுத்தம் பின்னால் வரும் ஒட்டுக்குத் தாவினால் சி வகை. புகை 'திமத், அரசன் 'க்ரல்யத் என்று வேரிலேயே நின்றால் சி இல்லை.

செக், ஸ்லோவாக் இரண்டிலும் அழுத்தம் எப்போதும் முதல் அசையில், ஆகவே இடம் எதையும் சொல்லாது. ஆனால் நீளம் சொல்லும், அதுவும் இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்தால் மிக அழகாகச் சொல்லும். ஒரு மாலையில் முப்பது சொற்களுக்கு முதல் கணிப்பு போட இதைவிட விரைவான வழி இல்லை:

செக்கில் நெடில், ஸ்லோவாக்கில் குறில்: ஏ வகை. பசு க்ராவ, க்ரவ. காகம் வ்ரான, வ்ரன. வைக்கோல் ஸ்லாம, ஸ்லம. புகை தீம், திம்.

இரண்டிலும் நெடில்: பி வகை. அரசன் க்ரால், க்ரால். புல் த்ராவ, த்ராவ. நீதிமன்றம் சோவ்த், சூத். மாவு மோவ்க, மூக.

இரண்டிலும் குறில்: சி வகை. நகரம் ஹ்ரத், தலை ஹ்லவ, கை ருக, பல் ஸுப். இரண்டு மொழியிலும் இப்படியே. (செக், ஸ்லோவாக்கில் ஹ்ரத் என்றால் இன்று கோட்டை.)

இந்தச் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றும். மூவசைச் சொல்லில் செக் நெடில் குறுகிவிடும். சிறுகனி ஒன்றைக் குறிக்கும் யஹொத ஏ வகைதான், ரஷ்யனில் 'யகொத, இருந்தும் செக்கில் குறில். இரண்டாவது, அதிரும் மெய்யில் முடியும் ஓரசைச் சொற்களில் செக் தானாகவே சில இடங்களில் நீட்டும். கடவுள் செக்கில் பூஹ், ஸ்லோவாக்கில் பொஹ். உண்மையில் சி வகை. போலிஷிலும் இதே நீட்டல் முன்பு நடந்தது. தனிச் சொற்களிலும் விலகல்கள் வரும்: உறைபனி ரஷ்யனில் மொ'ரொஸ், ஏ வகை, ஸ்லோவாக்கிலோ நெடிலாக ம்ராஸ். ஆகவே நீளச் சோதனை கணிப்புக்கு மட்டும், தீர்ப்புக்கு ரஷ்யனும் செர்போ-குரோஷியனும்.

பால்டிக் ஒப்பீடு

ஸ்லாவிய வகை உறுதியான பிறகே, ஸ்லாவியத்துக்கு நெருங்கிய உறவான பால்டிக் மொழிகளில் ஒன்றான லித்துவேனியனைத் திறக்க வேண்டும். முன்பே திறந்தால் ஸ்லாவியத் தரவை அதற்கு ஏற்றபடி வளைக்கும் ஆசை வந்துவிடும்.

குறிகள் இங்கே பொறி. லித்துவேனியன் அச்சில் வலச்சாய்வுக் கோடு அக்யூட்டைக் குறிக்கும், அதன் ஒலிப்பு இறங்குதொனி. செர்போ-குரோஷியன் அச்சில் அதே கோடு நெடில் ஏறுதொனி. லித்துவேனியனில் அலைக்குறி சர்கம்ஃப்ளெக்ஸ், சாகாவியன் நூல்களில் அதே அலைக்குறி நியோ-அக்யூட், லாத்வியன் நூல்களிலோ சமதொனி. விரிதாளில் குறியை அப்படியே நகலெடுக்காமல், தொனி நிரலில் அதன் பெயரை எழுதுங்கள்.

லித்துவேனியன் பெயர்ச்சொற்கள் 1 முதல் 4 வரை எண்ணிட்ட வகைகளில் வரும். 1-உம் 2-உம் வேரழுத்தம், 3-உம் 4-உம் நடமாட்டம். 1-உம் 3-உம் அக்யூட். காகம் 'வார்ன 1-ஆம் வகை, ஸ்லாவிய ஏ-யோடு பொருந்தும். தலை கல்'வ, இரண்டாம் வேற்றுமை 'கால்வா, 3-ஆம் வகை, ஸ்லாவிய சி-யோடு பொருந்தும். லாத்வியனில் அழுத்தம் முதல் அசையில் உறைந்துவிட்டாலும், அக்யூட் வேர்களில் பழைய நிலையான அழுத்தம் சமதொனியாகவும், பழைய நடமாட்டம் முறிதொனியாகவும் நிற்கிறது. லிண்டன் மரத்துக்கு லாத்வியனில் சமதொனி, ஸ்லாவியத்தில் ஏ. தலைக்கு முறிதொனி, ஸ்லாவியத்தில் சி. நல்ல குறுக்குச் சோதனை இது.

விதிகளும் அவற்றின் வரிசையும்

வகை கிடைத்தாயிற்று. இனி அது ஏன் அந்த வகை என்று கேட்கலாம். நான்கைந்து ஒலி விதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பதுதான் முறை. வரிசை மாறினால் விடையும் மாறும்.

முதலில் ஹிர்ட் விதி, 1895. முந்தைய அசையில், பின்னால் மறைந்துபோன பழைய குரல்வளை மெய்யால் நீண்ட உயிர் இருந்தால், அடுத்த அசையின் அழுத்தம் அதற்குப் பின்வாங்கும். புகையே சிறந்த எடுத்துக்காட்டு. சமஸ்கிருதத்தில் தூ'மஹ, அழுத்தம் கடைசியில். ஸ்லாவியத்தில் எல்லாச் சாட்சியும் ஏ வகை: ரஷ்யன் திம், ஆறாம் வேற்றுமை 'திம, செர்போ-குரோஷியன் குறில் இறங்குதொனி, செக் நெடில், ஸ்லோவாக் குறில், லித்துவேனியன் 1-ஆம் வகை, லாத்வியன் சமதொனி. கடையழுத்தச் சொல் இயல்பாக நடமாடும் சி வகைக்குப் போயிருக்க வேண்டும். ஹிர்ட் விதி முன்பே அழுத்தத்தை வேருக்கு இழுத்ததால் தப்பியது.

அடுத்து பிரெஞ்சு அறிஞர் மெய்யே (Meillet) பெயரிலான விதி, 1902. நடமாடும் வகையில் முதல் அசையின் அக்யூட் ஸ்லாவியத்தில் சர்கம்ஃப்ளெக்ஸாக மாறிவிட்டது. லித்துவேனியனில் தலையின் இரண்டாம் வேற்றுமை அக்யூட், செர்போ-குரோஷியனில் க்லாவு நெடில் இறங்குதொனி, ரஷ்யனில் 'கொலொவு. இந்த முரணைப் பிழை என்று திருத்தாதீர்கள், விதி வேலை செய்ததன் அடையாளமே அதுதான்.

பிறகு இல்லிச்-ஸ்விதிச் விதி, அவருடைய 1963 நூலிலிருந்து. அக்யூட் இல்லாத வேரழுத்த ஆண்பால் சொற்கள் நடமாடும் வகையில் கலந்தன. பல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: சமஸ்கிருதம் 'ஜம்பஹ, கிரேக்கம் 'கொம்ஃபொஸ், இரண்டிலும் முதலசை. ரஷ்யனில் ஸுப், ஆறாம் வேற்றுமை 'ஸுப, பன்மை 'ஸுபி, பன்மை ஆறாம் வேற்றுமை ஸு'பொவ். சந்தேகமில்லாத சி. ஆனால் ஆண்பாலிலும் பி வகை இருக்கிறதே? முற்றம் த்வொர், ஆறாம் வேற்றுமை த்வொ'ர. இப்படிப்பட்டவற்றில் பல பழைய நபும்சகச் சொற்கள் என்பது இல்லிச்-ஸ்விதிச்சின் விடை. லத்தீனில் இதன் உறவுச்சொல் ஃபோரும் நபும்சகம்தான்.

அதற்கும் பின் திபோ விதி. அக்யூட்டும் அல்லாத, நடமாட்டமும் இல்லாத வேர்களிலிருந்து அழுத்தம் ஒரு அசை வலப்பக்கம் நகர்ந்தது. பி வகையே இதனால்தான் பிறந்தது. விளாதிமிர் திபோவும் இல்லிச்-ஸ்விதிச்சும் 1960-களின் தொடக்கத்தில் இதை நிறுவினார்கள். அதற்கு முன்பு ஸ்லாவிய நகர்வுகளை விளக்க லித்துவேனியனின் சொசூர் விதியையே (அக்யூட் இல்லாத அசையின் அழுத்தம் அடுத்த அக்யூட் அசைக்கு நகரும் என்பது) பயன்படுத்தி வந்தார்கள். பழைய கையேடுகளில் அந்த விளக்கம் இன்னும் இருக்கும், ஸ்லாவியத்துக்கு அதை எடுக்காதீர்கள். வரிசையைச் சோதிக்கப் பல்லே போதும்: திபோ விதியை இல்லிச்-ஸ்விதிச் விதிக்கு முன்னால் வைத்தால் பல்லின் ஆறாம் வேற்றுமை ஸு'ப என்று வரும். வருவதோ 'ஸுப.

கடைசியாக இவ்ஷிச்-ஸ்டாங் பின்வாங்கல். மறையப்போகும் அரை உயிர்மேல் அழுத்தம் நிற்க முடியாமல் வேருக்குத் திரும்பி நியோ-அக்யூட் ஆனது. கொ'ரொல் என்ற முதல் வேற்றுமையும் கொரொ'ல்ய என்ற ஆறாம் வேற்றுமையும் பிரிந்தது இங்கேதான்.

அரசன் என்ற இந்தச் சொல் ஃபிராங்கியப் பேரரசர் கார்ல், அதாவது 814-இல் இறந்த சார்லமேனின் பெயரிலிருந்து வந்தது. அதனால் திபோ விதியின் காலத்தை அதற்குப் பின் என்று நிறுவ இதைப் பலர் காட்டுவதுண்டு. கவனம் தேவை. கடன்சொல் ஏற்கெனவே உருவாகிவிட்ட பி வகைக்குள் நேரே நுழையவும் கூடும். ஆண்டு போட இதை மட்டும் நம்பக் கூடாது.

கெடுவது எங்கே

பெரும்பாலான பிழை புதிய மாற்றத்தைப் பழையதாக எடுப்பதால் வருகிறது. ரஷ்யனில் நகரங்கள் கொரொ'த என்று பன்மையில் கடையழுத்தம் வருகிறது. இந்த அகர விகுதி ஆண்பால் பன்மை அண்மைக் காலத்தில் பரவியது, கடன்சொற்களிலும் வரும். சி வகைக்கு இதைச் சாட்சியாக எழுதாதீர்கள், பன்மை ஆறாம் வேற்றுமையை எழுதுங்கள். பெண், மனைவி என்னும் ஜெ'ன பன்மையில் 'ஜ்யொனி. இதுவும் ரஷ்யன் பின்னால் செய்துகொண்ட வேறுபாடு, பழைய வடிவம் ஜெ'னி. ஒருமை இரண்டாம் வேற்றுமை ஜெ'னு என்பதால் பி வகை. தண்ணீரின் பன்மை நான்காம் வேற்றுமை முன்பு வொ'தம், இன்று 'வொதம். சி வகையின் ஒரு மூலை இப்படித் தேய்ந்துவிட்டது. ஆற்றுக்கு ரெ'கு, 'ரெகு என்று இரண்டாம் வேற்றுமையில் இரண்டு வடிவமும் வழங்குகின்றன. அப்படிப்பட்ட சொல்லுக்கு இன்றைய ரஷ்யனை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சந்தேகமானால் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்குப் போங்கள். 14-ஆம் நூற்றாண்டின் சூதவ் புதிய ஏற்பாடு அழுத்தக் குறிகளோடு எழுதப்பட்டது. 16, 17-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பிரதிகள் சிலவற்றில் ஒகரத்தின்மேல் "கமொர" என்ற குறி வரும். அது சர்கம்ஃப்ளெக்ஸ் அல்லாத அழுத்தமுள்ள ஒகரத்தைக் காட்டுகிறது என்பதை லியோனித் வசிலியெவின் 1929-இல் வெளிவந்த நூல் நிறுவியது. தொனியே இல்லாத ரஷ்யனில் தொனியின் நிழல் கிடைக்கும் இடம் இது. முன்பு பார்த்த 'வொல்ய-வின் ஒகரத்துக்கு அந்தக் குறி உண்டு.

இன்னொரு குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ரஷ்ய மொழியியலாளர் சலிஸ்னியாக் 1977-இல் வெளியிட்ட ரஷ்ய இலக்கண அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் ஏ முதல் எஃப் வரை எழுத்துக் கொடுக்கிறது. அவை இன்றைய ரஷ்ய அழுத்த அமைப்பின் எழுத்துகள், மேலே பார்த்த தொல் ஸ்லாவிய வகைகள் அல்ல. கை அங்கே எஃப், பல் இ, நகரம் சி, மனைவி டி. நமக்கோ முதல் மூன்றும் சி வகை, மனைவி பி. விரிதாளில் இரண்டுக்கும் தனி நிரல் வையுங்கள்.

தீர்ப்பை எழுதும் விதம்

ஒவ்வொரு சொல்லுக்கும் வகை, அதைத் தாங்கும் வடிவங்கள், எதிராக நிற்கும் வடிவங்கள், பொருத்திய விதிகள் என்று நான்கு வரி எழுதுங்கள். எதிர்வடிவங்களை விடாமல் எழுதுவது முக்கியம். மூன்று கிளைகளும் ஒத்துப்போனால் உறுதி. இரண்டு ஒத்து, மூன்றாவதன் விலகலுக்குத் தெரிந்த காரணம் இருந்தால் ஏறக்குறைய உறுதி. காரணம் தெரியாவிட்டால் கேள்விக்குறியோடு விடுங்கள்.

பால்டிக் பொருந்தாதபோதும் இதே நேர்மை வேண்டும். கை லித்துவேனியனில் ரன்'க, 2-ஆம் வகை, அதாவது பழைய வேரழுத்தம் (கடையழுத்தம் சொசூர் விதியால் பின்னால் வந்தது). ஸ்லாவியத்தில் ரஷ்யன் 'ருகு, செர்போ-குரோஷியன் இறங்குதொனி ரூகு, செக்கிலும் ஸ்லோவாக்கிலும் குறில் ருக. மூன்று கிளையும் ஒரே குரலில் சி என்கின்றன. இங்கே லித்துவேனியனுக்காக ஸ்லாவிய வகையைத் திருத்தவும் கூடாது, ஸ்லாவியத்துக்காக லித்துவேனியன் எண்ணை மறைக்கவும் கூடாது. "ஸ்லாவியம் சி, உறுதி, லித்துவேனியன் 2, பொருந்தவில்லை" என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். இப்படிப் பொருந்தாத சொற்களைத் தனித் தாளில் ஈற்று வகைப்படி தொகுத்து வைத்தால், பின்னால் அவற்றுக்குள் ஒரு ஒழுங்கு தென்படுகிறதா என்று பார்க்க முடியும். இல்லிச்-ஸ்விதிச் விதியே இப்படி ஆண்பால் சொற்கள் ஒரே பக்கமாக விலகி நிற்பதைக் கவனித்ததால் கிடைத்ததுதான்.